கம்பத்துக்காரரும் அவர் சைக்கிள் விளக்கும்

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எடுத்த எடுப்பிலேயே கோபம்தான் வருகிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வாள்.

அவருக்கு வேலை தெருவிளக்குகளைப் பார்ப்பது. மாட்டுவதும் கழற்றுவதும் மற்றவர்கள் வேலை. இவர் வெறுமனே பார்ப்பார். இருட்டத் தொடங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். எந்த விளக்கு எரியவில்லை, எது விட்டு விட்டு எரிகிறது, எது மங்கிக்கொண்டு வருகிறது என்று பார்த்து, அந்தந்தக் கம்பத்தில் சாக்பீஸால் குறி போடுவார். பெருக்கல் குறி என்றால் அடியோடு போய்விட்டது. வட்டம் என்றால் மினுக்குகிறது. ஒற்றைக் கோடு என்றால் மங்கல். காலையில் ஏணி வண்டிக்காரர்கள் வந்து குறியைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, ஈரத் துணியால் அழித்துவிட்டுப் போவார்கள். ஆளும் நெட்டை, ஒல்லி. கல்யாணத்துக்கு முன் ஏணி வண்டியில் இருந்த காலத்திலிருந்தே கம்பத்துக்குக் கம்பம் நின்று அண்ணாந்து பார்க்கிறவர். அதனால் ஊர் வைத்த பெயர் கம்பத்துக்காரர். கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குள் அந்தப் பெயரைப் போட்ட பிறகுதான் பாதிப் பேருக்கு மாப்பிள்ளை யாரென்று விளங்கியதாம்.

நான் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லாம் தைப்போம். என் மிஷினுக்கு வருவது மட்டும் சாலைப் பணியாளர்களுக்கான மஞ்சள் மேல்சட்டை. அதில் வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னுகிற பட்டை வைத்துத் தைக்க வேண்டும். அந்தப் பட்டை ஊசியை மழுங்க வைக்கும், கோணினால் பிரித்துத் தைக்கவும் முடியாது. இப்படி நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் மின்னுகிற சட்டை தைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் கருநீலச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, கறுப்பு சைக்கிளில் இருட்டுக்குள் கிளம்பிக்கொண்டிருப்பார். அதுவும் எந்த இருட்டு? நல்ல வெளிச்சமான தெருவில் அவருக்கு என்ன வேலை? விளக்குப் போன தெருவாகத் தேடிப் போய் நிற்பதுதானே அவர் வேலை.

அந்த வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் அந்தச் சுற்றைப் பார்த்தவரைப் பின்னாலிருந்து ஒரு பால் வண்டி இடித்துவிட்டது. உயிர் தப்பியது, ஒரு கால் மடங்காமல் போனது. ஏணி வண்டியில் உதவிக்கு இருந்த இவரை அந்த இடத்துக்கு மாற்றினார்கள். நாங்கள் இருவரும் அந்த மனிதரைப் பார்க்கப் போனோம். நாற்காலியில் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பால் வண்டிக்காரன் நல்லவன்பா. அழுதான். உங்களப் பாக்கவே இல்லைங்கன்னு அழுதான்" என்றார். இவர் ரொம்ப வருத்தமாகத் தலையாட்டினார். வாசலுக்கு வந்து விளக்கைப் போடாமலே சைக்கிளை எடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டைதான் எங்களுக்குள் வருஷக்கணக்காக ஓடியது.

அவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்றால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. நியாயம் இருக்கிறது. ஒரு விளக்கு அடியோடு போய்விட்டதா, உள்ளே மினுக் மினுக்கென்று உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், பார்க்கிறவர் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். சைக்கிளின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கண் பழகாது. அதனால் அதை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அண்ணாந்து பார்க்க வேண்டும். இதுவரைக்கும் சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். அணைத்தவர் திரும்பப் போட வேண்டுமா வேண்டாமா? போடமாட்டார். அடுத்த கம்பத்தில் மறுபடி அணைக்கத்தானே போகிறோம் என்று அப்படியே மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

"நான்தான் பாத்துப் போறேன்ல" என்பார்.

"நீங்க பாக்குறது இல்லைங்க விஷயம். உங்கள மத்தவங்க பாக்கணும்."

"ஆறடி மனுஷன் நடுத்தெருவுல நிக்கிறேன். என்னை எப்படிப் பாக்காம போவாங்க?"

தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

எங்கள் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பொறுமையில் அப்பாவைக் கொண்டிருக்கிறாள், பேச்சில் என்னை. அவள் ஒரு நாள் சைக்கிளுக்குப் பின்விளக்கு வாங்கிவந்து, சீட்டுக்கு அடியில் தானே மாட்டிக் கொடுத்தாள். நல்ல சிவப்பு வெளிச்சம், முதுகுக்குப் பின்னால் எரிவதால் இவர் கண்ணையும் கெடுக்காது. இதற்கு மறுத்துச் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தினமும் கிளம்பும்போது அதைப் போட்டுவிட்டுத்தான் போனார். அப்பாடா, ஒரு வழியாகப் புத்தி வந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மழைக்காலம் முடியும்வரை அந்த நிம்மதி நீடித்தது. ஒரு நாள் மகள் கடையிலிருந்து வரும் வழியில் அப்பாவுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, அப்பா பின்னாடி லைட்டே எரியல."

"போட்டுட்டுத்தானே போனாரு. நானே பாத்தேனே."

"எரியுதும்மா. ஆனா எரியல. அவரு வரட்டும், காட்டுறேன்."

அவர் வந்ததும் மூவரும் சைக்கிளைச் சுற்றி நின்றோம். பழைய சீட், ஸ்பிரிங் குத்துகிறது என்று அவர் ஒரு துண்டை நாலாக மடித்து மேலே கட்டியிருந்தார். உட்கார மெத்தென்று இருக்கிறதாம். துண்டின் இரண்டு முனையும் பின்பக்கம் திரைச்சீலை போலத் தொங்கிக்கொண்டிருந்தன. மகள் அதைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சிவப்பு விளக்கு பாவம் பொறுப்பாக எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அது துண்டுக்குத்தான் வெளிச்சம் காட்டியிருக்கிறது.

"அதான் துண்டு சூடா இருந்துதா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தத் துண்டைப் பிடுங்கி, சீட்டின் அளவுக்கு வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, சுற்றி நாடா போட்டு இறுக்கமாக உறை தைத்துக் கொடுத்தேன். அது பிடித்துப்போய்விட்டது. சுகமாக உட்காருவதற்கு என்ன கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். உயிரோடு இருப்பதற்குக் கொடுத்தால்தான் ஆயிரம் சாக்குச் சொல்வார்.

மேல்சட்டைக் கதை அதைவிட மோசம். அவர் அளவுக்கு நீளமாக வெட்டி, முன்னும் பின்னும் இரண்டு பட்டையோடு தோளிலும் ஒன்று வைத்துத் தைத்தேன். வீட்டு வாசலில் என் எதிரிலேயே மாட்டிக்கொண்டு போவார். தெருமுனை திரும்பியதும் கழற்றிச் சுருட்டி கேரியரில் சொருகிவிடுவார். இதை எனக்குச் சொன்னது முனைக்கடைக்காரர். கேட்டதற்கு இவர் கொஞ்சமும் கூசவில்லை.

"அதப் போட்டுக்கிட்டுப் போனா ஜனங்க என்னை நிறுத்தி, சாக்கடை அடைச்சிருக்கு, ரோட்டுல குழி இருக்குன்னு சொல்றாங்க. நான் வேற ஆளுன்னு ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லியே பொழுது போயிடுது."

"சொன்னா என்ன?"

"வேலை ஓடணுமா இல்லையா?"

விளக்கைச் சுற்றுகிற பூச்சியெல்லாம் கண்ணில் விழுந்து, தினமும் இரண்டு கண்ணும் சிவந்து போய் வருவார். மகள் தன் கடையிலிருந்து நிறமில்லாத கண்ணாடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஏணி வண்டிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். துருப்பிடித்த திருகாணியைக் கழற்றும்போது அவர் கண்ணில் தூசி விழுகிறதாம். தனக்கு என்று ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத இந்த மனிதரை நல்லவர் என்று கொண்டாடுவதா, நாலு சாத்து சாத்துவதா என்று எனக்கு அப்போதெல்லாம் குழப்பமாக இருக்கும். சாத்துவதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

இவ்வளவு எரிச்சலுக்கும் அடியில் இருந்தது பயம்தான். அவர் வர வேண்டிய நேரம் தாண்டினால், தெருவில் போகிற ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் காது நிமிரும். மடங்காத கால் ஞாபகம் வரும். பால் வண்டிக்காரன் அழுதது ஞாபகம் வரும். அவர் வந்து கதவைத் தட்டியதும் பயமெல்லாம் கோபமாக மாறிவிடும். அவருக்குக் கோபம் மட்டும்தான் கேட்கும்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம், அவர் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் முன்விளக்கு அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. கழற்றி வைத்தவர் மாட்ட மறந்துவிட்டார். லேசாகத் தூறி ஓய்ந்திருந்தது. அன்றைக்குக் கிடங்குச் சுவரை ஒட்டிய சாலையில்தான் முதலில் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் வரிசையாக மூன்று கம்பம் எரியவில்லை என்று யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு என் சைக்கிளில் கிளம்பினேன். நான் என் சட்டை மேல் மஞ்சள் மேல்சட்டை போட்டிருந்தேன், என் சைக்கிளில் முன்னும் பின்னும் விளக்கு எரிந்தது. நான் சொல்வதை நானாவது கேட்க வேண்டாமா?

கிடங்குச் சாலைக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டிருந்தது. ஒரு பக்கம் நீளச் சுவர், மறுபக்கம் மூடிய கதவுகள். நனைந்த சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. எதிரே ஒரு கார் முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு வந்தது. எதிரிலிருந்தும் ஈரச் சாலையிலிருந்தும் அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இறங்கி நின்றுவிடலாமா என்று நினைத்துப் பிரேக்கைப் பிடித்தேன். கார் கடந்து போனது. அதற்கப்புறம் எனக்கு எதுவுமே தெரியவில்லை, வெறும் கறுப்பு. சைக்கிள் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. எதன் மேலோ போய் மோதினேன். கம்பம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கம்பம் "அம்மா" என்று கத்திக்கொண்டு விழுந்தது.

குரல் கேட்டதும்தான் அவர் என்று தெரிந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து, பையிலிருந்த அவருடைய விளக்கையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஈரச் சாலையில் மல்லாந்து கிடந்தார். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் சைக்கிள் சாலைக்குக் குறுக்காக விழுந்திருந்தது. பின்விளக்கு எரியாமல் இல்லை. குறுக்கே நிறுத்தியிருந்ததால் அது கிடங்குச் சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. மேல்சட்டை கேரியரில் சுருட்டியபடியே இருந்தது.

"ஏங்க, எங்க அடி? தலையில பட்டுச்சா? பேசுங்க."

"கைதான். உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"எனக்கு என்ன வந்தது. நடுரோட்டுலயா நிப்பீங்க? நான் வந்தது உங்களுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுதே. முனையில திரும்பும்போதே பாத்துட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "பாத்துட்டு ஏன் நகரல?"

"நீதானேன்னு நின்னுட்டேன்" என்றார். "நீ என்னப் பாக்காமயா வருவே?"

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். என் முழங்கையில் ரத்தம் வழிந்தது அப்போது தெரியவில்லை. திருவிழாக் கூட்டமோ ரயிலடிக் கூட்டமோ, எவ்வளவு பேர் நெருக்கினாலும் பின்னங்கழுத்தைப் பார்த்தே அவரைக் கண்டுபிடித்துவிடுவேன். இருமலை வைத்துச் சொல்வேன், செருப்புச் சத்தத்தை வைத்துச் சொல்வேன். அவரைத் தேடிக்கொண்டுதான் அந்தச் சாலைக்கே போயிருந்தேன். அப்படிப்பட்ட நானே அவரைப் பார்க்கவில்லை. அவசரமாகப் போகிற ஒரு பால் வண்டிக்காரன் எப்படிப் பார்ப்பான்?

அந்த நிலையிலும் அவர் தன் குணத்தை விடவில்லை. நான் அவரைத் தூக்கி நிறுத்தியதும் நல்ல கையால் சட்டைப் பையைக் காட்டினார்.

"சாக்பீஸ் இருக்கு. இந்தக் கம்பத்துல ஒரு பெருக்கல் போட்டுடேன். அடியோட போயிருக்கு."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே போட்டேன். இல்லையென்றால் அங்கிருந்து நகரமாட்டார் என்று எனக்குத் தெரியும். போட்டு முடித்ததும், "கொஞ்சம் கோணலா இருக்கு" என்றார்.

அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வெளியே வந்தபோது மகள் அங்கே வந்துவிட்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அவள் திட்டிய திட்டில் அங்கே உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகள் தங்கள் வலியை மறந்து கேட்டார்கள். இவர் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒரு சாக்காவது சொல்வார், அன்றைக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, தூங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"நெஜமாவே தெரியலயா?"

"தெரியலங்க."

"நிழல் மாதிரிகூடவா?"

"அப்படிக்கூடத் தெரியல."

அதற்குப் பிறகு வெகு நேரம் அவர் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. வருஷக்கணக்காக நான் கரடியாய்க் கத்தியது எதுவும் ஏறாத மண்டையில் இந்த ஒரு வார்த்தை ஏறிவிட்டது. தன்னைத் தனக்குத் தெரிகிறபடியே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், என் கண்ணுக்கே தான் இல்லாமல் போயிருந்ததை அன்றைக்குத்தான் யோசித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு அது கையில் பட்ட அடியைவிட அதிகமாக வலித்தது.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது ஆளே மாறியிருந்தார். விளக்கை அணைக்க வேண்டுமானால் முதலில் சைக்கிளை நடைபாதை மேல் ஏற்றி, கம்பத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, அப்புறம்தான் அணைக்கிறார். சாலையில் இறங்குமுன் மறுபடி போடுகிறார். மேல்சட்டையில் சாக்பீஸுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தேன், இப்போது அதைக் கழற்றினால் வேலையே ஓடாது. சாக்கடை பற்றிக் கேட்பவர்களுக்கு எந்த அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று நின்று வழி சொல்கிறாராம். மகள் இன்னொரு கண்ணாடி கொண்டுவந்து, அதன் காம்பில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. பக்கவாட்டில் வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சக்கரக் கம்பிகளில் மின்னுகிற பட்டையை அவரே கத்தரித்து ஒட்டிக்கொண்டார். என் கூடத்தில் மிஞ்சிய துண்டுகளுக்கெல்லாம் இப்போது இவர்தான் கிராக்கி.

இத்தோடு நின்றிருந்தால் நான் சந்தோஷமாக இந்தக் கதையை முடித்திருப்பேன். இவர் எதிலும் நடுவில் நிற்கத் தெரியாத ஆள். இப்போது புதிதாக ஒரு பழக்கம். சாயங்காலம் கிளம்பினால் தெருமுனை வரை போவார். அங்கே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்பார்.

"தெரியுதா?"

நான் வாசலுக்கு வந்து, "தெரியுது, போங்க" என்று கத்த வேண்டும். பிறகு சைக்கிளைக் குறுக்கே திருப்புவார். "இப்படித் தெரியுதா?" அதற்கும் ஒரு தடவை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் எனக்கு முன்னால் "தெரியுது தாத்தா" என்று கத்துகிறார்கள். அது செல்லாது. நான் சொல்ல வேண்டும். மானம் போகிறது. கையில் மாவோ சோப்பு நுரையோ, எது இருந்தாலும் அப்படியே ஓடிவர வேண்டியிருக்கிறது.

போன வாரம் எனக்கு நல்ல தலைவலி. அடுப்படியில் வேலையாக இருந்தேன். அவர் குரல் கேட்டது. ஒரு நாள் சொல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும், கத்திவிட்டுப் போகட்டும் என்று அங்கேயே நின்றேன். இரண்டாம் தடவையும் கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை. போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். நன்றாக இருட்டிய பிறகு, நான் அடுப்பில் பால் வைத்த நேரத்தில், மகள் கடையிலிருந்து வந்தாள்.

"ஏம்மா, அப்பா ஏன் தெருமுனையில நின்னுக்கிட்டிருக்காரு? கேட்டா, உங்க அம்மா இன்னும் சொல்லலன்னு சொல்றாரு."

வாசலுக்குப் போனேன். தெருமுனை விளக்கு வெளிச்சத்தில் மேல்சட்டையின் பட்டைகள் மின்னின. அவற்றுக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அசையாமல் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். இத்தனை நேரம் அப்படியே நின்றிருக்கிறார். கையை உயர்த்தி ஆட்டினேன். அது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வாசலில் விளக்கு இல்லை.

"தெரியுதுங்க" என்றேன், எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக. "நல்லாத் தெரியுது."

சிவப்பு விளக்கு நகர்ந்தது. அது அடுத்த தெருவுக்குத் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருப்பதாக மகள் கத்தினாள்.